மலையும் மடையும் – 11: அசம்புவில் இலை உதிர்ந்த காலம்

அசம்பு மலையில் கோடரி விழுந்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். 1860களில், திவான் மாதவராவ் காலத்தில், தென் திருவிதாங்கூர் மலைகளுக்கு வெள்ளைக்காரத் துரைமார் ஏறினார்கள். காட்டை வெட்டிக் காயவிட்டுத் தீ வைத்தார்கள். சாம்பல் ஆறியதும் குழியெடுத்துக் காப்பி நட்டார்கள். தோவாளை வயல்வரப்பில் நின்று வடக்கே பார்த்தால் தெரிகிற அதே மலைத்தொடர்தான். இன்று பாலமோர், மாறாமலை, கரும்பாறை என்று தோட்டப் பெயர்களாலேயே நாம் அறிகிற சரிவுகள் அதில் அடங்கும்.

நட்ட காப்பி காய்க்க மூன்று நான்கு வருஷம் பிடிக்கும். அதுவரை செலவுதான், வரவு கிடையாது. கடன் வாங்கித் தோட்டம் போட்ட துரை, முதல் பழம் சிவக்கும் நாளை எண்ணிக்கொண்டிருப்பார். அந்த நாள் வந்தது. கூடவே எதிரிகளும் வந்தார்கள்.

காப்பிக்கு எதிரிகள் புதிதல்ல என்பதைத் துரைமார் இலங்கையிலிருந்து அறிந்தே இருந்தார்கள். அசம்புவில் தோட்டம் தொடங்குவதற்கு இருபது முப்பது வருஷம் முன்பே கண்டிச் சீமையில் காப்பி பரவிவிட்டது. அங்கே தொல்லை கொடுத்தவற்றில் ஒன்று எலி. மலைக்காட்டில் ‘நெலு’ என்று சிங்களவர் சொல்லும் செடி உண்டு. நம் குறிஞ்சியின் இனம். பல வருஷத்துக்கு ஒருமுறை பூத்து, விதை விட்டு, மொத்தமாகக் காய்ந்துபோகும். அந்த விதையைத் தின்று பெருகிய எலிக்கூட்டம், நெலு பட்டதும் இரை தேடிக் காப்பித் தோட்டத்தில் இறங்கிவிடும். பூவும் மொட்டும் வேண்டி இளங்கிளைகளைக் கத்தரித்துப் போடும். ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலி வரை கொன்றதுண்டு என்று எமர்சன் டென்னன்ட் 1859-இல் வெளியான தம் இலங்கை நூலில் எழுதுகிறார். அந்த எலியை நம் ஊர்க்கூலிகள் தேங்காயெண்ணெயில் பொரித்தும் குழம்பு வைத்தும் தின்றார்கள் என்றும் ஒரு வரி சேர்க்கிறார். அவருக்கு அது விநோதம். அரைவயிற்றுக் கஞ்சியோடு மலையேறியவர்களுக்கு இறைச்சி வேறு எங்கிருந்து கிடைத்திருக்கும்?

இன்னொன்று செதில்பூச்சி. தளிரிலும் காம்பிலும் ஒட்டிக்கொண்டு அசையாமல் சாறு உறிஞ்சும். அது கழிக்கும் இனிப்பான கசிவைத் தேடி எறும்பு வரும். அந்தக் கசிவின்மேல் கரும்பூசணம் படரும். இலை கரி பூசியதுபோலாகிவிடும். எறும்பு சும்மா தின்றுவிட்டுப் போவதில்லை. செதில்பூச்சியைத் தின்ன வரும் வேறு பூச்சிகளை விரட்டிக் காவல் காக்கும். இன்றைக்கும் காப்பித் தோட்டத்தில் பச்சைச் செதில்பூச்சியை ஒழிக்கச் சொல்லும்போது எறும்பையும் சேர்த்தே சொல்வார்கள்.

எலியும் செதில்பூச்சியும் விளைச்சலைத்தான் குறைத்தன. செடியையே கொன்றது தண்டுத் துளைப்பான்.

அசம்புவில் நாற்று வேர்பிடித்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில் குடகிலிருந்து கெட்ட செய்தி வந்தது. 1865-ஐ ஒட்டி அங்கே செழித்து நின்ற காப்பிச் செடிகள் காரணம் தெரியாமல் மஞ்சளாகி வாடின. தண்டைப் பிளந்து பார்த்தால் உள்ளே சுரங்கம். சுரங்கம் முழுக்க மரத்தூள் இறுகிக் கிடந்தது. கறுப்பு உடலில் வெள்ளை வரி போட்ட மெல்லிய வண்டு ஒன்று பட்டையின் விரிசலில் முட்டையிடுகிறது. பொரிந்த புழு பட்டைக்கு அடியில் கொஞ்ச நாள் மேய்ந்துவிட்டுத் தண்டின் நடுவுக்குள் போய்விடுகிறது. உள்ளேயே மாதக்கணக்கில் தின்று வளர்ந்து வண்டாக வெளியே வருகிறது. இளஞ்செடி என்றால் ஒரே வருஷத்தில் பட்டுப்போகும். முதிர்ந்த செடி சில காலம் தாக்குப்பிடிக்கும். ஆனால் தண்டைச் சுற்றிப் புடைத்த வளையங்கள் தெரியும், காயெல்லாம் சப்பையாகும்.

சென்னை அரசாங்கம் இதை விசாரிக்க ஜார்ஜ் பிடி என்ற மருத்துவரை அனுப்பியது. செடிநூல் அறிந்தவர். குடகு, மைசூர், வயநாடு, நீலகிரி என்று தோட்டம் தோட்டமாகப் பார்த்துவிட்டு 1869-இல் அறிக்கை வெளியிட்டார். அதில் அழுத்தமாகச் சொன்னது ஒன்று: வெயில் நேராக விழும் வெட்டவெளித் தோட்டத்தில்தான் துளைப்பான் கொட்டமடிக்கிறது, நிழல்மரம் விட்டு வைத்த தோட்டத்தில் அடக்கமாக இருக்கிறது. அந்த வண்டுக்கு வெயில்பட்ட தண்டுதான் பிடிக்கும். இன்றும் வண்டு பறக்கும் பருவங்களுக்கு முன்பு, அதாவது சித்திரைக்கு முன்னும் ஐப்பசிக்கு முன்னும், காப்பித் தண்டின் சொரசொரப்பான பட்டையைத் தென்னைநார்க் கையுறையால் தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள். முட்டை செருக விரிசல் கிடைக்காமல் செய்வதுதான் நோக்கம்.

பிடியின் பேச்சை மைசூரும் குடகும் கேட்டன. பலா, அத்தி என்று காட்டு மரங்களை விட்டுவைத்து அதன் கீழே காப்பி வளர்க்கும் பழக்கம் அங்கே உறுதிப்பட்டது. இலங்கையிலோ நிழல் என்றாலே துரைமாருக்கு ஒவ்வாது. மரம் நின்றால் உரத்தைத் தின்னும், காய் குறையும் என்பது அவர்கள் கணக்கு. காடு முழுவதையும் மொட்டையடித்துக் காப்பியை மட்டும் வரிசை வரிசையாக நிறுத்துவதே அவர்கள் பாணி. தென் திருவிதாங்கூர் மலைக்கும் அந்தப் பாணிதான் வந்தது.

பிடியின் அறிக்கை வெளியான அதே 1869-இல் இலங்கையின் மடூல்சீமையில் வேறொன்று தலைகாட்டியது.

ஒரு தோட்டத்தில் சில செடிகளின் இலையில் மஞ்சள் பொட்டு. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறத் தூள், விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். பேராதனைத் தாவரத் தோட்டத்து இயக்குநர் துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே அதைப் பரிசோதித்தவர் மைல்ஸ் ஜோசப் பெர்க்லி என்ற பாதிரியார். அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது, அழுகலுக்குக் காரணம் பூஞ்சைதான் என்று பெரும்பாலோர் நம்பாத காலத்திலேயே சொன்னவர். நுண்ணோக்கியில் பார்த்தபோது, தூளின் ஒவ்வொரு துகளும் மொச்சைக்கொட்டை வடிவில், முதுகுப் பக்கம் முள்ளாகவும் மறுபக்கம் வழவழப்பாகவும் இருந்தது. அதுவரை யாரும் பார்த்திராத பூஞ்சை. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்து அந்த நவம்பரில் தோட்டக்கலை இதழ் ஒன்றில் எழுதினார். பெயரின் பின்பாதிக்குப் பொருள் ‘பாழாக்குவது’. அப்போது அது ஒரு மூலைத் தோட்டத்து நோய்தான்.

யாழ்ப்பாணத்தில் ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பி கிருஷிக் கும்மி’ அச்சானதும் அதே 1869-இல்தான். காப்பி வளர்ப்பதையே தமிழில் கும்மியாகப் பாட ஆள் வந்துவிட்ட அளவுக்குக் காப்பி நம்மவர்களின் பிழைப்போடு கலந்திருந்தது.

மடூல்சீமையில் தலைகாட்டிய அந்தப் பூஞ்சை நோய், அதாவது இலைத்துரு, அடுத்த ஓரிரு வருஷத்தில் மைசூர்ப் பக்கமும் வந்துவிட்டது. 1870களில் திருவிதாங்கூர் மலைகளும் தப்பவில்லை. நாற்றும் விதையும் ஆளும் சாக்கும் கடல் கடந்து தடையில்லாமல் போய்வந்த காலம் அது. செடிக்குத் தடுப்புக்காவல் என்ற எண்ணம் அப்போது பரவலாக இல்லை.

இந்த நோய் செடியை உடனே கொல்வதில்லை என்பதுதான் இதன் சூழ்ச்சி. துரு பிடித்த இலை பழுத்து உதிர்கிறது. செடி மறுபடி தளிர்க்கிறது. தளிரிலும் துரு விழுகிறது. காப்பிச்செடி இந்த வருஷம் வளர்த்த கிளையில்தான் அடுத்த வருஷம் காய்க்கும். இலையில்லாமல் நின்ற செடிக்குக் கிளை வளர்க்கத் தெம்பு ஏது? ஆக இவ்வருஷ நோயின் நட்டம் அடுத்த வருஷக் கணக்கில்தான் தெரியவரும். அதற்குள் துரை, மழை பொய்த்தது, மண் களைத்தது, கங்காணி சரியில்லை என்று வேறு காரணங்களைச் சொல்லிக்கொண்டிருப்பார். இடையில் ஒரு வருஷம் நன்றாகக் காய்த்துவிட்டால் நோய் போய்விட்டது என்றே முடிவுகட்டிவிடுவார்.

விலையும் சேர்ந்து கண்ணை மறைத்தது. 1870களில் உலகச் சந்தையில் காப்பி விலை உயர்ந்தே இருந்தது. ஏக்கருக்கு விளைச்சல் குறைந்தாலும் கைக்கு வரும் பணம் குறையவில்லை. அதனால் நோய் பரவிக்கொண்டிருந்த அதே காலத்தில் புதிதாகக் காடு வெட்டிக் காப்பி நட்டார்கள். 1870-ஐ ஒட்டி ஆண்டுக்குப் பத்து லட்சம் அந்தர் அளவுக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இலங்கையில், 1878 வாக்கில் காப்பிப் பரப்பு 2,75,000 ஏக்கர் வரை போனது. ஏற்றுமதி மட்டும் ஏறவில்லை. நிலம் கூடி விளைச்சல் கூடாத கணக்கு எங்கேயோ உதைக்கிறது என்று யாருக்கும் படாமலா இருந்திருக்கும்? பட்டிருக்கும். ஆனால் லாபம் வருகிறபோது கணக்கைத் திருப்பிப் பார்க்கிற வழக்கம் எந்த வியாபாரத்தில் உண்டு! இந்தத் தொடரை எழுதுகிறவனின் பார்வையில், அசம்புக் காப்பியைத் துருவோடு சேர்ந்து கெடுத்தது அந்தப் பத்து வருஷ நல்ல விலை.

மருந்து தேடாமலும் இல்லை. சுண்ணாம்பும் கந்தகமும் கலந்து தூவிப் பார்த்தார்கள். உரத்தை அள்ளிக் கொட்டினார்கள். செடி செழித்தது, துருவுக்குப் புது இலை கிடைத்தது. கடைசியில் 1880-இல் இலங்கை அரசு ஹாரி மார்ஷல் வார்ட் என்ற இளைஞரை வரவழைத்தது. அப்போது அவருக்கு வயது 26கூட இருக்காது. இரண்டு வருஷம் தோட்டங்களில் அலைந்தார். தோட்டத்துக்குள் கண்ணாடித் தகடுகளை வைத்துக் காற்றில் என்ன விழுகிறது என்று பார்த்தார். துருவின் தூள் விழுந்தது. அந்தத் தூள் இலையின்மேல் நீர்த்துளி இருந்தால்தான் முளைக்கும், முளைத்ததும் இலையின் அடிப்பக்கத்து நுண்துளை வழியாக உள்ளே புகும், சில வாரத்தில் அங்கிருந்து புதுத் தூள் வெளிப்படும் என்று படிப்படியாக நிறுவினார். மண் களைப்பு, வானிலைக் கோளாறு என்ற பேச்செல்லாம் அதோடு அடிபட்டுப் போனது.

துரைமார் எதிர்பார்த்தது மருந்துச்சீட்டு. வார்ட் கொடுத்தது ஆறுதலில்லாத பதில். நோய் எல்லாத் தோட்டத்திலும் ஊன்றிவிட்டது, இனிமேல் ஒழிக்க முடியாது என்றார். மலை மலையாக ஒரே செடியை, நடுவில் காற்றைத் தடுக்க ஒரு மரவரிசைகூட இல்லாமல் நட்டதுதான் நோய்க்கு ராஜபாட்டை போட்டுக் கொடுத்தது என்றும் சொன்னார். 1882-இல் அவர் கப்பலேறினார்.

உண்மையில் பயன்பட்டிருக்கக்கூடிய மருந்து அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான் வந்தது. பிரான்ஸில் திராட்சைக்கொடியின் பூஞ்சை நோய்க்காக மிலார்டே என்பவர் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை 1885-இல் உலகுக்குச் சொன்னார். இன்றைக்கும் காப்பித் துருவுக்கு மழைக்கு முன்னொரு முறையும் பின்னொரு முறையும் இலையின் அடிப்பக்கம் நனையும்படி அதைத்தான் தெளிக்கிறார்கள். அசம்புத் தோட்டங்களுக்கு அது எட்டியிருந்தாலும் அந்நேரம் காப்பாற்றப் பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்காது.

இங்கே ஒரு கேள்வி எழும். அதே துரு குடகுக்கும் சிக்மகளூருக்கும் போனதே, அங்கே இன்றும் காப்பி விளைகிறதே, நம் மலையில் மட்டும் ஏன் இப்படி?

விடை மழையில் இருக்கிறது. மழைக்காலத்தில் மாவட்ட நிர்வாகம் வெளியிடும் மழையளவுப் பட்டியலில் பாலமோர் என்ற பெயர் அடிக்கடி மேலே நிற்பதைக் குமரி வாசகர்கள் பத்திரிகையில் பார்த்திருப்பார்கள். இடவப்பாதி மழையும் இங்கே விழும். ஐப்பசி கார்த்திகை மழையும் விழும். இரண்டுக்கும் நடுவிலும் கோடைமழை உண்டு. குடகில் தென்மேற்குப் பருவம் ஓய்ந்து, மார்கழி முதல் பங்குனி வரை நீண்ட வறட்சி வருகிறது. அந்த மாதங்களில் இலைமேல் நீர் நிற்காது, துரு அடங்கும், செடி மூச்சு வாங்கிக்கொள்ளும். அசம்புவிலும் இலங்கையிலும் அந்த இடைவெளி குறுகல். ஒரு மழையில் பெருகிய தூள் பட்டுப்போகுமுன் அடுத்த மழை வந்து இலையை நனைத்துவிடும். இளஞ்சூடும் ஈரமும் சேர்ந்த சூழல்தான் இந்தப் பூஞ்சைக்கு உகந்தது. நம் மலையின் தாழ்ந்த சரிவுகளில் வருஷத்தில் பாதிக்கு மேல் அதுதான் நிலை.

அதோடு நிழலும் சேர்கிறது. குடகில் துளைப்பானுக்குப் பயந்து விட்டுவைத்த மரங்கள், காற்றையும் தடுத்து, செடி தாங்க முடியாத அளவுக்குக் காய்த்து இளைப்பதையும் தடுத்தன. இளைக்காத செடி துருவையும் ஓரளவு தாங்கியது. அங்கும் நட்டம் இல்லாமல் இல்லை. பழைய ‘சிக்’ ரகக் காப்பி துளைப்பானாலும் துருவாலும் கிட்டத்தட்ட அற்றே போனது, வேறு ரகம் கொண்டுவந்து நட வேண்டியிருந்தது. ஆனாலும் தொழில் நிலைத்து நின்றது.

விலை கைவிட்டதும்தான் முடிவு வேகமெடுத்தது. 1880களின் தொடக்கத்தில் பிரேசில் காப்பி சந்தையில் குவிந்தது, விலை சரிந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்து மாட்டிக்கொண்ட ஓரியண்டல் வங்கி 1884-இல் கதவைச் சாத்தியது. அதன் நோட்டுகள்தான் அங்கே பணமாகப் புழங்கின. கையில் வைத்திருந்தவர்கள் பதறிப்போக, ஆளுநர் ஆர்தர் கோர்டன் அரசாங்கமே பொறுப்பேற்கும் என்று அறிவித்து நிலைமையை அடக்கினார்.

நாஞ்சில் நாட்டுக்கும் அதை ஒட்டிய ஊர்களுக்கும் இந்தச் சரிவு இரண்டு வழியாக வந்து சேர்ந்தது. ஒன்று, அசம்புத் தோட்டக் கூலி. பதநீர் இறங்கும் காலம் வேறு, காப்பி பழுக்கும் காலம் வேறு. பனையேறும் குடும்பங்களுக்கும் அடிமைமுறை 1855-இல் ஒழிந்த பிறகு முதன்முதலாகக் கையில் காசுக்கூலி பார்த்தவர்களுக்கும் மலைத்தோட்டம் ஒரு பிடிமானம். பண்ணைக்கும் கோயில் ஊழியத்துக்கும் வெளியே கிடைத்த வேலை என்பதால் அதற்குக் கூலியை மிஞ்சிய பெறுமானம் இருந்தது. தென் திருவிதாங்கூரில் ஊழியம் செய்த சாமுவேல் மட்டீர் போன்ற லண்டன் மிஷன் பாதிரிமார் காப்பித் தோட்டங்களைப் பற்றி எழுதியதும் இந்தக் கோணத்தில்தான்.

இன்னொன்று, கடலுக்கு அப்பால். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அவர்கள் போய் இறங்கிய தோட்டங்களில் செடி ஏற்கெனவே இலை உதிர்த்துக்கொண்டிருந்தது. சில வருஷத்தில் தோட்டம் மூடியபோது பாக்கிக் கூலி கைக்கு வராமலே திரும்பியவர்கள் பலர். துரைக்கு வந்த நட்டம் வங்கிக் கணக்கில் பதிவானது. இவர்களுடையதை எழுதிவைக்க ஏடு இல்லை.

காப்பியின் கதை அங்கே முடியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மைசூரில் கென்ட் என்ற தோட்டக்காரர் துருவுக்குத் தாக்குப்பிடித்த ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து விதை பெருக்கினார்; அது கென்ட்ஸ் ரகமானது. சில காலத்தில் துருவும் தன்னை மாற்றிக்கொண்டு அதையும் பிடித்தது. துருவுக்குள்ளேயே பல இனங்கள் இருப்பதைப் பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் மேய்ன் 1930களில் கண்டுபிடித்த பிறகுதான் காரணம் புரிந்தது. கென்ட்ஸையும், லைபீரியக் காப்பியின் ரத்தம் கலந்த இன்னொரு வகையையும் சேர்த்து 1940களில் அங்கே உருவான எஸ்.795 இன்றும் இந்தியத் தோட்டங்களில் நிற்கிறது. துருவை நன்றாகத் தாங்கும் ரொபஸ்டா தாழ்ந்த மலைகளைப் பிடித்துக்கொண்டது. பிறகு 1990-இல் நீலகிரியின் கூடலூரில் புது எதிரி ஒன்று இந்தியாவில் முதன்முதலாகக் கண்ணில் பட்டது: காய்த்துளைப்பான். எள்ளைவிடச் சிறிய கறுப்பு வண்டு, காயின் நுனியில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை போட்டு, கொட்டைக்குள்ளேயே குடும்பம் நடத்தும். அறுவடைக்குப் பிறகு செடியில் ஒரு பழம், தரையில் ஒரு பழம் மிச்சமிருந்தாலும் அடுத்த பருவம்வரை அதில் பிழைத்துக்கொள்ளும். உதிர்ந்த பழத்தைப் பொறுக்கி எடுப்பதே இதற்கு முதல் வைத்தியம். அந்தக் குனிந்து பொறுக்கும் வேலை எந்தத் தோட்டத்திலும் பெண்களின் தலையில்தான் விழுகிறது.

நம் மலையில் அந்தச் சரிவுகளுக்கு வேறு பயிர்கள் வந்தன. கிராம்பு மேட்டைப் பிடித்தது. மாறாமலை, கரும்பாறை, வெள்ளிமலைப் பகுதிகளில் விளையும் கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கீழ்ச் சரிவுகளை ரப்பர் எடுத்துக்கொண்டது. 1984-இல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் கீரிப்பாறை, காளிகேசம், கோதையாறு என்று பரந்து கிடக்கின்றன. ரப்பருக்கும் இடவப்பாதி மழையில் இலை உதிரும் நோய் உண்டு, வேறு பூஞ்சை. அதற்கும் மழைக்கு முன்னால் செம்பு மருந்துதான் அடிக்கிறார்கள்.

ஆனால் ரப்பர் வர இன்னும் காலம் இருக்கிறது. 1880களில் காப்பியைப் பிடுங்கிய துரைமார் உடனே ரப்பருக்கோ கிராம்புக்கோ போய்விடவில்லை. காய்ச்சல் மருந்துக்கான கொயினா மரப்பட்டையில் காசு கொட்டுகிறது என்று கேள்விப்பட்டு, மிச்சமிருந்த பணத்தை அதில் போட்டார்கள். ஜாவாவில் டச்சுக்காரர்களும் அதே மரத்தைத்தான் நட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பட்டை வியாபாரம் எப்படிப் போனது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.